துருவுக்குத் துருவே காவல்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் பிராகாரத்தைச் சுற்றி 58 சிறு சன்னதிகள் வரிசையாக நிற்கின்றன. ராஜசிம்ம பல்லவன் காலத்தில், கி.பி. 700-ஐ ஒட்டி எழுந்தவை. அவற்றில் சிலவற்றின் உட்சுவரில் சுண்ணச்சாந்து இன்னும் உதிராமல் இருக்கிறது. அதன் மேல் செந்நிறக் கோடுகளும் மஞ்சள் பூச்சும் தெரிகின்றன. அதே ஊரைத் தொட்டுக்கொண்டு அரக்கோணம்–செங்கல்பட்டு ரயில் பாதை போகிறது. அதில் வரும் கூட்ஸ் வண்டியின் வேகன்கள் பெரும்பாலும் செம்பழுப்பு. சுவரில் இருப்பது ஏறத்தாழ 1,300 ஆண்டு பழைய ஓவியம். தண்டவாளத்தில் போவது சில ஆண்டுகளுக்கு முன் பட்டறையில் பெயின்ட் அடிக்கப்பட்ட இரும்புப் பெட்டி. இரண்டுக்கும் சிவப்பு தருவது ஒரே பொருள்தான்: இரும்பு ஆக்சைடு. கோயிலில் அதற்குக் காவி என்று பெயர், பெயின்ட் கடையில் ரெட் ஆக்சைடு.

பல்லவர் காலத்து ஓவியருக்கும் ரயில்வே பொறியாளருக்கும் ரசனை ஒத்துப்போனதால் வந்த ஒற்றுமை அல்ல இது. வெயிலுக்கு வெளுக்கக் கூடாது, சுண்ணாம்பின் காரத்துக்கும் நிலக்கரிப் புகைக்கும் அசையக் கூடாது, வண்டி வண்டியாகக் கிடைக்க வேண்டும், காசும் அதிகம் ஆகக் கூடாது. இந்த நான்கு நிபந்தனைகளையும் போட்டுச் சலித்தால் மிஞ்சும் நிறப்பொருள்கள் மிகக் குறைவு. அவற்றில் முதலிடம் இந்தச் சிவப்புக்கு. உலகின் பல ரயில்வேக்கள் ஒன்றையொன்று கேட்காமலே தங்கள் சரக்குப் பெட்டிகளுக்கு இதைப் பூசியதற்குக் காரணம் இதுதான்.

பயணிக்கு வார்னிஷ், சரக்குக்கு ஒரு பூச்சு

காஞ்சிபுரத்துக்கு ரயில் வந்தது 1865-ல். இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற நிறுவனம் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரை சுமார் 19 மைலுக்குப் பாதை போட்டது. தண்டவாளங்களுக்கு இடையே 3 அடி 6 அங்குலம். அகலப்பாதையும் இல்லை, மீட்டர் கேஜும் இல்லை. சென்னை–அரக்கோணம் வழியாக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மெட்ராஸ் ரயில்வேயின் அகலப்பாதை வண்டி இதில் ஏற முடியாது. சரக்கை அரக்கோணத்தில் இறக்கித்தான் மறுபடி ஏற்ற வேண்டும். பிற்பாடு இந்தப் பாதை தென்னிந்திய ரயில்வேயின் கைக்குப் போய், 1878-ல் மீட்டர் கேஜ் ஆனது. இன்று அகலப்பாதை. பக்கத்து வாலாஜாபாத் நிலையத்திலிருந்து புதுக் கார்கள் ரயிலேறி வடக்கே போகின்றன.

அந்தக் காலத்து வேகன் என்பது இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை அடித்த பெட்டி. பயணிகள் பெட்டிக்கும் அதற்கும் பெயின்ட் விஷயத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பயணிகள் பெட்டிக்கு அடிப்பூச்சு, நிரப்புப் பூச்சு, நிறப்பூச்சு, அதன் மேல் வார்னிஷ் என்று பல பூச்சுகள். ஒவ்வொன்றும் காய்ந்து, தேய்த்து, அடுத்தது அடிக்க வாரக்கணக்கில் ஆகும். வேகனுக்கு அந்த உபசாரம் கிடையாது. ஒன்றோ இரண்டோ பூச்சு அடித்து, எண்ணை எழுதி, வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

காரணம் எளிய கணக்கு. இன்றைய திறந்த வேகன் ஒன்றின் பக்கச்சுவர்களை வெளியே மட்டும் அளந்தால் உத்தேசமாக 50 சதுர மீட்டர் வரும். ஒரு லிட்டர் பெயின்ட் 10 சதுர மீட்டருக்கு வரும் என்று வைத்தால், ஒரு பூச்சுக்கு 5 லிட்டர். இந்திய ரயில்வேயிடம் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வேகன்கள் இருக்கின்றன. எல்லாமே அதே அளவு என்று கொண்டால், ஒரே ஒரு பூச்சுக்கு 15 லட்சம் லிட்டர். லிட்டருக்குப் பத்து ரூபாய் கூடினால் ஒன்றரைக் கோடி ரூபாய் செலவு கூடும். வேகனின் நிறத்தை யார் தீர்மானித்திருப்பார்கள் என்பதை இந்தப் பெருக்கலே சொல்லிவிடும்.

இரும்பு ஏன் சிவக்கிறது?

சிவப்புக் காவியின் நிறத்துக்குக் காரணமான கனிமம் ஹேமடைட். இரண்டு இரும்பு அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணு என்ற விகிதம். ஒவ்வோர் இரும்பு அணுவும் மூன்று எலக்ட்ரான்களை இழந்து, ஆறு ஆக்சிஜன் அணுக்களின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. அதன் வெளிக்கூட்டில் எஞ்சியிருப்பவை ஐந்து எலக்ட்ரான்கள், ஒவ்வொன்றும் தனித்தனி அறையில். இவற்றில் ஒன்று ஒளியை விழுங்கி மேலே தாவ வேண்டுமானால் தன் சுழற்சித் திசையை மாற்றியாக வேண்டும். குவாண்டம் விதிகள் அதை எளிதில் அனுமதிப்பதில்லை. ஆகவே தனித்திருக்கும் இப்படிப்பட்ட இரும்பு அணு மிக வெளிறிய நிறமே காட்டும்.

ஹேமடைட்டில் கதை மாறுகிறது. இரும்பு அணுக்கள் நெருங்கி நிற்பதால் அண்டை அணுக்களின் காந்தத் தன்மை ஒன்றோடொன்று பிணைந்துவிடுகிறது. ஒளித்துகள் ஒன்று வரும்போது இரண்டு அணுக்கள் சேர்ந்து அதை விழுங்குகின்றன. ஒன்றின் சுழற்சி மாற்றத்தை மற்றொன்று ஈடுகட்டுவதால் விதி மீறப்படுவதில்லை. தனி அணுவுக்குக் கதவடைத்த தாவல் ஜோடிக்குத் திறந்துவிடுகிறது. இதன் விளைவாக ஊதா, நீலம், பச்சை எல்லாம் உள்ளேயே போய்விடுகின்றன. 580 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஆரஞ்சும் சிவப்பும் மட்டும் திரும்பி வருகின்றன.

மஞ்சள் காவியிலும் அதே இரும்புதான். ஆனால் அது கோதைட் என்ற கனிமம். அதன் கட்டமைப்பில் ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கிறது. இரும்பு அணுக்களின் பிணைப்பு அங்கே தளர்வு. பச்சையும் மஞ்சளும் ஓரளவு தப்பி வெளியேறுவதால் நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. மஞ்சள் காவியை 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டால் அதிலுள்ள நீர் பிரிந்து, மிஞ்சுவது ஹேமடைட், மஞ்சள் சிவப்பாகிவிடும். சூளையில் செங்கல்லும் ஓடும் சிவப்பதற்குப் பின்னால் இருப்பதும் இரும்பு ஹேமடைட்டாக மாறுவதுதான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே ஹேமடைட்டை அரைக்கும் அளவைப் பொறுத்து நிறம் நகரும். துகள் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் ஆரஞ்சு சாயும் பளிச்சென்ற சிவப்பு. ஒரு மைக்ரானை நெருங்கினால் கத்தரிப்பூ சாயும் ஆழ்ந்த பழுப்பு. ரசாயனம் மாறவில்லை, எடை மாறவில்லை, அரைவை மட்டும் மாறியது. பழைய வேகன்களின் நிறத்தைத் தேடுபவர்களுக்கு இந்த ஒரு விஷயம் எவ்வளவு தலைவலி கொடுக்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

நட்சத்திரத்தில் தொடங்கும் விலைப்பட்டியல்

இந்தச் சிவப்பு ஏன் மலிவு? பூமியின் மேலோட்டில் எடைக் கணக்கில் சுமார் 5 சதவீதம் இரும்பு. ஆக்சிஜன், சிலிகான், அலுமினியத்துக்கு அடுத்து நான்காவது இடம். இவ்வளவு கனமான ஒரு தனிமம் இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதற்கு விடை நட்சத்திரங்களில் இருக்கிறது. ஹைட்ரஜன் ஹீலியமாக, ஹீலியம் கார்பனாக என்று அணுக்கருக்கள் இணைந்து கனத்துக்கொண்டே போகும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. இந்த லாபம் இரும்பு வட்டாரம் வரைதான். அதற்கு மேல் இணைத்தால் நஷ்டம். ஆகவே எரிந்து முடியும் பெருநட்சத்திரத்தின் நடுவில் குவிவது இரும்பும் அதன் உறவினர்களும். வெடித்துச் சிதறும் நட்சத்திரத்தில் உண்டாகும் நிக்கல்-56 ஆறு நாள் அரையாயுளில் கோபால்ட்-56 ஆகி, அது 77 நாள் அரையாயுளில் இரும்பு-56 ஆகிறது. அப்படிச் சிதறிய இரும்பில் ஒரு பங்கு பூமிக்கு வந்து சேர்ந்தது.

பிற்பாடு பூமியில் ஆக்சிஜன் பெருகியபோது இரும்பு அதனோடு சேர்ந்து சிவந்தது. தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் 1,00,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் காவிக்கல்லை அரைத்துச் சிப்பி ஓட்டில் குழைத்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறையில் உள்ள ஓவியங்களும் செங்காவியில் தீட்டியவை. காஞ்சியில் வீட்டு வாசலில் கோலத்துக்குக் கரை கட்டும் காவி, கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் வரும் சிவப்புப் பட்டை, பழைய வீடுகளின் வழவழப்பான ரெட் ஆக்சைடு தரை, ஜன்னல் கம்பிக்கு முதலில் அடிக்கும் பிரைமர் எல்லாம் இந்த வம்சம்.

சுண்ணாம்புக்குத் தாங்கும் நிறம்

கைலாசநாதர் கோயிலின் ஓவியங்களை 1931-ல் வெளியுலகுக்குத் தெரியப்படுத்தியவர் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ராய். பிற்காலச் சுண்ணாம்புப் பூச்சுகளின் அடியில் அவை மறைந்து கிடந்தன. சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களின் இறுதியில் காஞ்சியின் பல்லவ ஓவியங்களுடைய சாந்தையும் நிறங்களையும் ஆய்வுக்கு உட்படுத்தினார். தமிழ்நாட்டுச் சுவரோவியங்களைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோன முன்னோடி அவர்.

சுவரோவியக்காரருக்கு நிறங்களில் தாராளம் இருக்கவில்லை. நீற்றிய சுண்ணாம்பு கடுமையான காரம். நிறைகரைசலில் அதன் பி.எச். 12-க்கு மேல். பூவிலிருந்தும் வேரிலிருந்தும் எடுத்த சாயங்களில் பல இந்தக் காரம் பட்டதுமே நிறம் திரியும், தப்பியவை வெயிலில் வெளுக்கும். அசையாமல் நிற்பவை மண்ணிலிருந்து வந்தவை: காவி, மஞ்சள் காவி, பச்சைமண். கூடவே கரியும் சுண்ணாம்பின் வெள்ளையும். சாந்திலுள்ள சுண்ணாம்பு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்து மறுபடி கல்லாக இறுகும்போது ஈரச் சுவரில் பட்ட நிறத்துகளையும் தன்னோடு பிடித்துக்கொள்கிறது.

ஏற்கெனவே ஆக்சிஜனோடு முழுமையாகச் சேர்ந்துவிட்ட பொருளைக் காற்றால் மேலும் ஒன்றும் செய்ய முடியாது. ஹேமடைட்டின் பொறுமைக்கு ரகசியம் அதுதான். ரயில்வேக்குத் தேவைப்பட்டதும் அந்தப் பொறுமைதான்.

பெயின்டும் துருவும்

பெயின்ட் என்றால் நிறப்பொருள், அதைப் பிடித்துவைக்கும் பசை, இளக்கும் திரவம் என்று மூன்று பங்கு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ரயில்வே பெயின்டுக்குப் பசையாக இருந்தது பெரும்பாலும் ஆளி விதை எண்ணெய். இது காய்வது தண்ணீர் காய்வதைப் போன்றதல்ல. எண்ணெயில் உள்ள லினோலெனிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிஜன் தாக்க, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாக இறுகுகின்றன. காய்ந்த எண்ணெயின் எடை ஈர எண்ணெயைவிடக் கொஞ்சம் கூடியிருக்கும். காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன் அது.

அடிப்பூச்சாக ஈயச் செந்தூரமும் பயன்பட்டது. ஆரஞ்சு நிறமான இந்த ஈய ஆக்சைடு, எண்ணெயின் அமிலங்களோடு சேர்ந்து ஈயச் சோப்புகளாகி, இரும்பின் மேற்பரப்பில் துரு தொடங்குவதையே தடுக்கும். ஆனால் ஈயம் நஞ்சு. வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் இந்தியா விதி கொண்டுவந்தது. செந்தூரம் அளவுக்குத் துருவோடு மல்லுக்கட்டும் சக்தி ஹேமடைட்டுக்கு இல்லை. அது செய்வது மறியல் வேலை. நீரும் உப்பும் பெயின்ட் படலத்தில் நுழைந்து இரும்பை அடைய முயலும்போது, இடையில் கிடக்கும் துகள்கள் வழியை மறித்துச் சுற்றி அனுப்புகின்றன. அப்ரக வடிவ இரும்பு ஆக்சைடு என்ற ஒரு வகையில் துகள்கள் தட்டைத் தட்டையாக இருக்கும். பெயின்ட் காயும்போது நாட்டு ஓட்டுக் கூரை மாதிரி ஒன்றன் மேல் ஒன்று படிந்துவிடும். பாலங்களுக்கு அதை விரும்பி அடிப்பார்கள்.

அப்படியானால் வேகனை அதன் போக்கில் துருப்பிடிக்க விட்டாலே போதாதா? துருவும் இரும்பு ஆக்சைடுதானே? போதாது. இரும்பு ஹேமடைட்டாக மாறும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 2.1 மடங்கு ஆகிறது. நீரும் சேர்ந்த துரு இன்னும் உப்பும். இருந்த இடத்தில் அடங்காமல் வெடித்துப் பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும், அதுவும் துருப்பிடிக்கும். அதே ஆக்சைடை நன்றாக அரைத்து எண்ணெயில் குழைத்துப் பூசினால் அது உதிராது. இரும்பைத் தின்னும் பொருள் இரும்புக்குக் காவலாக நிற்பது இப்படித்தான்.

இன்னொரு வசதியும் இருந்தது. பழைய வேகன்களின் பிரேக் கட்டைகள் வார்ப்பிரும்பு. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் சக்கரத்தில் உரசிப் பொடியாகும் இரும்பு, வண்டியின் கீழ்ப்பகுதி முழுக்கப் படிந்து சில நாளில் துருவாகிவிடும். வெள்ளையோ நீலமோ அடித்த வேகன் ஒரே மழைக்காலத்தில் அழுது வடியும். செம்பழுப்பு வேகனில் அந்தத் தூசு கண்ணில் படாது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. பெயின்டுக்கு அடியில் உண்மையான துரு பரவினாலும் சட்டென்று தெரியாது. வேகன் பரிசோதகர் சுத்தியலால் தட்டி ஓசை கேட்டும், பொருக்கைச் சுரண்டியும்தான் தகட்டின் நிலையைச் சொல்ல முடியும்.

நிறம் பேசும் மொழி

எல்லா வேகனும் சிவப்பு என்று சொல்லிவிட முடியாது. சிவப்பிலிருந்து விலகிய இடங்களில் பெரும்பாலும் இயற்பியலோ பாதுகாப்போ காரணமாக இருந்தது. அமெரிக்காவில் பழமும் இறைச்சியும் ஏற்றிய ஐஸ் பெட்டிகளுக்கு மஞ்சளோ ஆரஞ்சோ பூசினார்கள்; பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் ஆரஞ்சுப் பெட்டிகள் அங்கே பிரசித்தம். வெளிர்நிறம் வெயிலை அதிகம் திருப்பி அனுப்பும், உள்ளே ஐஸ் மெதுவாக உருகும். எரிவாயு டாங்கர்களுக்கு வெள்ளை அடிப்பதற்கும் இதுவே காரணம்.

பிரிட்டனில் நிறம் பிரேக்கைப் பற்றிப் பேசியது. 1948-ல் ரயில்வே தேசியமயமானபோது, வண்டி முழுவதற்குமான வேக்குவம் பிரேக் பொருத்திய வேகன்களுக்குச் செம்பழுப்பு, கைப்பிரேக் மட்டும் உள்ளவற்றுக்குச் சாம்பல் நிறம் என்று வகுத்தார்கள். வேக்குவம் பிரேக் உள்ள வேகன்களை வேகமாக ஓட்டலாம். யார்டில் வண்டி கோக்கும் தொழிலாளி குனிந்து குழாயைத் தேட வேண்டியதில்லை. தூரத்திலிருந்தே நிறம் சொல்லிவிடும்.

இந்தியாவிலும் அதே தர்க்கம் வேலை செய்தது. 1990களில் பயணிகள் பெட்டிகள் அரக்குச் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறியதை ரயிலில் போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேக்குவம் பிரேக்கிலிருந்து காற்றழுத்த பிரேக்குக்கு மாறிய பெட்டியைப் பிரித்துக் காட்டத்தான் நீலம். ஒன்று குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வேலை செய்வது, மற்றொன்று காற்றை அடைத்து வேலை செய்வது. இரண்டையும் கலந்து கோத்தால் பிரேக் பிடிக்காது. காற்றழுத்த பிரேக்குடன் வந்த பாக்ஸ்-என் ரக வேகன்கள் பலவற்றை ஒலிவ் பச்சையில் பார்க்க முடிந்ததும் அந்தக் காலத்தில்தான். பிரேக் முறை எல்லா இடத்திலும் ஒன்றானதும் வேகனில் நிறத்தால் பிரித்துக் காட்ட வேண்டிய அவசியம் குறைந்தது. செம்பழுப்பு திரும்ப வந்தது.

அந்தச் செம்பழுப்பின் மேல் வெள்ளை எழுத்தில் 11 இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வேகன் ரகம், அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம், அடுத்த இரண்டு செய்த ஆண்டு, பிறகு நான்கு இலக்க வரிசை எண், கடைசி இலக்கம் மற்ற பத்தும் சரியா என்று சோதிப்பதற்கு. பக்கத்திலேயே வெற்று எடையும், அடுத்த பி.ஓ.ஹெச். (குறிப்பிட்ட கால இடைவெளியில் நடக்கும் முழுப் பராமரிப்பு) எப்போது என்ற தேதியும். தமிழ்நாட்டில் அந்தப் பராமரிப்பு நடக்கும் இடங்களில் ஒன்று திருச்சி பொன்மலை. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை 1920களின் பிற்பகுதியில் இடம்பெயர்ந்து அங்கே வந்தது.

பட்டுச் சாயத்தின் கழிவு

இருபதாம் நூற்றாண்டில் காவியின் பிறப்பிடமே மாறிப்போனது. அந்த மாற்றத்துக்கும் காஞ்சிபுரத்தின் தறிக்கும் நேரான தொடர்பு இருக்கிறது.

செயற்கைச் சாயத் தொழிலின் அடிப்படை மூலப்பொருள் அனிலின். நைட்ரோபென்சீனோடு இரும்புத் தூளையும் நீரையும் சேர்த்து, அமிலம் கொஞ்சம் விட்டு அனிலின் எடுக்கும் முறையை 1854-ல் பெஷாம் கண்டுபிடித்தார். இரண்டு ஆண்டு கழித்து லண்டனில் பெர்கின் முதல் அனிலின் சாயத்தை உருவாக்கினார். அதிலிருந்து சாயத் தொழிற்சாலைகள் பெருகின. வேரையும் அரக்கையும் கொதிக்கவைத்துச் சாயம் எடுத்த நெசவூர்களுக்கு டப்பாவில் அடைத்த சாயப்பொடி வந்து சேர்ந்தது. இன்று காஞ்சிப் பட்டு நூலுக்கு ஏற்றும் அமிலச் சாயங்களில் பல, அனிலின் குடும்பத்தில் பிறந்தவை.

அனிலின் தொட்டியின் அடியில் கறுப்புச் சகதி ஒன்று மிஞ்சும். வேதிச் சமன்பாட்டின்படி ஒரு கிலோ அனிலினுக்கு ஏறத்தாழ 1.9 கிலோ இரும்பு ஆக்சைடு. அனிலினைவிடக் கழிவே அதிகம். எழுபது ஆண்டுகளாக அதை எங்கே கொட்டுவது என்பதே தொழிற்சாலைகளின் கவலையாக இருந்தது. 1925-ல் ஜெர்மனியில் லாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு வழி கண்டார். தொட்டியில் குறிப்பிட்ட உப்புகளைச் சேர்த்தால் சகதி ஒழுங்கான, ஒரே அளவான துகள்களாகப் படிகிறது. உப்பை மாற்றினால் மஞ்சள் கிடைக்கும், கறுப்பு கிடைக்கும். கறுப்பைச் சூளையில் சுட்டால் தரமான சிவப்பு. கழிவு சரக்காகிவிட்டது.

சுரங்கக் காவியில் களிமண்ணும் குவார்ட்ஸும் கலந்திருக்கும். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நிறம் மாறும். தொட்டியில் பிறந்த காவிக்கு அந்தக் குறை இல்லை. பெயின்ட் கம்பெனிகள் அதன் பக்கம் சாய்ந்தன. ஆக, பட்டுக்குச் சாயம் தரும் தொட்டியே வேகனுக்கும் நிறம் தந்தது. சாயம் நீரில் கரைந்து நூலின் புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. காவி கரையாமல் துகளாகவே தகட்டின் மேல் கிடக்கிறது. வெயிலில் சேலையின் சாயம் வெளுப்பதற்கும் காவித் துகள் வெளுக்காததற்கும் இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

பழைய நிறத்தைக் கண்டுபிடிப்பது

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓடிய வேகன் எந்தச் சிவப்பில் இருந்தது? மாதிரி ரயில் செய்பவருக்கும் அருங்காட்சியகத்துக்கும் இது அன்றாடக் கேள்வி. முதலில் பழைய புகைப்படத்தைத்தான் தேடுவார்கள், அது முதலில் ஏமாற்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் படத்தகடுகளுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். பிறகு பச்சையும் தெரிந்தது. சிவப்பை உணரும் தகடு 1906-ல் விற்பனைக்கு வந்த பிறகும் பழைய வகை பல காலம் புழங்கியது. அதில் எடுத்தால் செங்காவி வேகன் கறுப்பாகத்தான் விழும். படத்தைப் பார்த்து வேகன் கறுப்பு என்று முடிவு கட்டினால் தப்பு.

அடுத்த ஆதாரம் நிற அட்டை. பிரிட்டனின் 381சி தர அட்டையில் 445 வெனிஷியன் ரெட், 446 ரெட் ஆக்சைடு, 448 டீப் இந்தியன் ரெட். இந்தியாவின் ஐ.எஸ். 5 அட்டையும் இதே எண்முறையை ஒட்டியது. ஆனால் அட்டையில் உள்ளது பெயின்ட் காய்ந்த முதல் நாளின் நிறம். வெயிலில் எண்ணெய்ப் படலம் அரித்து, துகள்கள் மேலே பொடியாக நிற்கும்போது நிறம் வெளிறி இளஞ்சிவப்பாகத் தெரியும். கையால் துடைத்தால் கையில் காவி ஒட்டும். மழையில் நனைந்ததும் அதே வேகன் மறுபடி ஆழ்ந்த சிவப்பு. இதற்கு மேல் அரைவையின் குறும்பு வேறு: இரண்டு பட்டறைகள் ஒரே எண்ணைப் பார்த்துக் கலக்கினாலும், ஒன்று நைசாகவும் மற்றொன்று கரகரப்பாகவும் அரைத்த காவியை வாங்கியிருந்தால் வேகன்கள் ஒத்துப்போகாது.

நம்பத்தக்க சாட்சி பெயின்ட் சில்லுதான். பழைய வேகனின் மூலையிலோ, எழுத்துப் பலகைக்குப் பின்னாலோ, வெயில் படாத இடத்திலிருந்து அரிசி அளவில் ஒரு சில்லு எடுத்து, பிசினில் புதைத்து, குறுக்காக அறுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைப்பார்கள். அடியில் கோணல்மாணலான துரு. அதன் மேல் ஆரஞ்சு நிறச் செந்தூர அடிப்பூச்சு. பிறகு ஒரு செம்பழுப்புப் படலம். அதில் பெரிதும் சிறிதுமான துகள்களும் நடுநடுவே கண்ணாடி மாதிரி குவார்ட்ஸ் துணுக்கும் இருந்தால் அது சுரங்கக் காவி. அதற்கு மேல் மெல்லிய கறுப்புக் கோடு, நிலக்கரிப் புகையின் படிவு. அடுத்த செம்பழுப்பில் துகள்கள் ஒரே சீராக இருந்தால் தொழிற்சாலைக் காவி; அந்தப் பூச்சு லாக்ஸின் காலத்துக்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். எழுத்தின் வெள்ளையும் தேதி சொல்லும். ஈய வெள்ளையானால் பழையது. டைட்டானியம் வெள்ளை 1920களுக்குப் பிறகே பரவியது. எக்ஸ் கதிர் பாய்ச்சினால் எந்தத் தனிமம் என்று நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்தச் சாட்சிகள் வேகமாகக் குறைந்துவருகின்றன. குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகில் வேகன்கள் வந்துவிட்டன. 2022 அக்டோபரில் புவனேஸ்வரத்திலிருந்து முதல் அலுமினிய ரேக், அதாவது அலுமினிய வேகன்களின் முழுத் தொடர், கிளம்பியது. 61 வேகன்கள், வழக்கமான எஃகு ரேக்கைவிட 180 டன் எடை குறைவு. அலுமினியம் ஆக்சைடாகும்போது கனஅளவு 1.28 மடங்குதான் கூடும். ஆக்சைடு இடம் போதாமல் வெடிக்காது, உலோகத்தோடு இறுகப் படிந்து மேற்கொண்டு அரிப்பைத் தடுக்கும். நிறமற்ற அந்தப் படலமே அதற்குப் பூச்சு. காவி செய்துவந்த வேலையை உலோகம் தானே பார்த்துக்கொள்கிறது.

பழைய எஃகு வேகன்கள் உருக்காலைக்குப் போகும்போது அவற்றின் பெயின்ட் அடுக்குகளும் சேர்ந்து எரிந்துபோகின்றன. காட்சிக்கென்று காப்பாற்றி நிறுத்தியவற்றுக்கும் வேறொரு ஆபத்து இருக்கிறது. அழகாகத் தெரிய வேண்டும் என்று அடிவரை சுரண்டி, பளபளக்கும் எனாமல் அடித்துவிட்டால் ஆவணம் அழிந்துவிடும். கோயில் ஓவியங்களுக்கு இன்று நாம் காட்டும் கவனத்தில் ஒரு பங்கு போதும். மறுபூச்சு அடிப்பதற்கு முன் வேகனில் உள்ளங்கை அளவு இடத்தைத் தொடாமல் விட்டு, நான்கு ஓரமும் கோடு போட்டுக் குறித்துவைக்க வேண்டும். ஒரு சில்லை எடுத்து, வேகன் எண், எடுத்த இடம், தேதி மூன்றையும் எழுதி உறையில் போட வேண்டும். நிறமாலைமானி கிடைத்தால் நிறத்தை எண்ணாகவும் அளந்து சேர்த்துவிடலாம். அரை நாள் வேலை. பெயின்ட் அடிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.